மலையும் மடுவும்

மிகப் பெரிய வேறுபாட்டைச் சுட்ட நினைக்கும்போது, ‘மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை’ என்கிறோம். அடிவாரத்தில் நின்று மலைமுடியை அண்ணாந்து நோக்கிய எவரும் அதனைப் பொருத்தமான உவமை என்றே கொள்வர். ஆயினும், 1972ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், அப்பல்லோ 17 விண்கலத்தில் நிலவை நோக்கிச் சென்ற வீரர்கள் எடுத்த பூமியின் ஒளிப்படத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுக்கப்பெற்ற அப்படத்தில் நீலக் கடலும் வெண்முகிலும் ஆப்பிரிக்க நிலப்பரப்பும் தோன்றுகின்றன. பூமியின் விளிம்போ கடைந்தெடுத்தாற்போல வழுவழுப்பாக விளங்குகின்றது. மலைகள் எங்கே போயின?

மலைகள் எங்கும் போகவில்லை. அவற்றை அளக்கும் அளவுகோலே மாறிவிட்டது. எவரெஸ்ட் சிகரம் கடல் மட்டத்திற்கு மேல் 8,849 மீட்டர் உயரமுடையது. பசிபிக் பெருங்கடலிலுள்ள மரியானா அகழி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழமுடையது. பூமியின் சராசரி விட்டமோ 12,742 கிலோமீட்டர். பூமியை ஒரு மீட்டர் விட்டமுள்ள பந்தாகச் செய்ததாகக் கொள்வோம். அப்பந்தின்மேல் எவரெஸ்ட் ஒரு மில்லிமீட்டர் உயரமும் பெறாது. மரியானா அகழியும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தை எட்டாது. சில பூகோள உருண்டைகளில் மலைகள் விரலுக்குத் தட்டுப்படுமாறு புடைத்திருப்பது, அளவை மிகைப்படுத்திக் காட்டுவதனாலேயாம்.

மேடுபள்ளங்களை நம் கண்ணுக்குக் காட்டுவன நிழல்களே. வீரர்கள் அப்படத்தை எடுத்தபோது கதிரவன் அவர்களுக்குப் பின்புறம் இருந்தான். ஒளி நேராக விழுந்தமையால் நிழல்கள் குறுகி மறைந்தன. இதற்கு மாறாக, 1609ஆம் ஆண்டின் இறுதியில் தொலைநோக்கியால் நிலவை ஆராய்ந்த கலிலியோ, ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையை உற்று நோக்கினார். இருட் பகுதியில் ஒளிப்புள்ளிகள் சில மின்னுவதைக் கண்டு, அவை கதிரொளி பட்ட மலைமுடிகள் எனத் தெளிந்தார்.

மலைகள் இன்னும் பன்மடங்கு உயர்ந்து வளரலாகாதோ? வளர இயலாது. எப்பொருளையும் தன் நடுவிடம் நோக்கி இழுக்கும் ஈர்ப்பு விசை அதற்கு இடந்தராது. மலை உயர உயர அதன் எடை மிகும், அதனைத் தாங்கமாட்டாமல் அடியிலுள்ள பாறை நெகிழும், மலை அமிழும். காற்றும் மழையும் பனியாறும் அதனை இடையறாது தேய்க்கும். ஈர்ப்புக் குறைந்த செவ்வாயில் ஒலிம்பஸ் என்னும் எரிமலை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயர்ந்து நிற்கின்றது. செவ்வாயையும் ஒரு மீட்டர் பந்தாக்கினால், அதுவும் மூன்று மில்லிமீட்டர் அளவினதேயாகும்.

ஆனால், செவ்வாயைச் சுற்றிவரும் போபோஸ் என்னும் சிறு துணைக்கோள் உருண்டையாக இல்லை. அதன் நீளம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். மிகக் குறுகிய பக்கமோ 18 கிலோமீட்டர். அதன் மெல்லிய ஈர்ப்பினால் பாறையின் உறுதியை வென்று உருட்டித் திரட்ட இயலவில்லை. எனவே அது உருளைக்கிழங்கு போன்ற வடிவினதாய்க் கிடக்கின்றது.

ஆகவே, வழுவழுப்பாகக் காட்டும் படமும் பொய்யன்று, மலையும் பொய்யன்று. ஏறிச் செல்வோனுக்கு மலை மலையே. பூமிக்கு அது மேனியில் ஒரு சிறு சொரசொரப்பு. ஒன்றைப் பெரிது என்றோ சிறிது என்றோ கூறுமுன், எதனோடு ஒப்பிட்டுக் கூறுகிறோம் என்று எண்ணிப் பார்த்தல் அறிவுடையார் செயலாகும்.