நாலு விரற்கடை எண்ணெய்

"மாமா, சீனக்குடாவில நிக்கிற எல்லாத் தாங்கியையும் நிரப்பி, அவ்வளவு எண்ணெயையும் துறைமுகத்துக்குள்ள ஊத்தினா எவ்வளவு உயரத்துக்கு நிக்கும்?"

தரம் 9இல் படிக்கும் என் மருமகளின் கேள்வி இது. ஊற்றினால் மீன்பிடிப்பவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். கணக்கில் மட்டும் ஊற்றிப் பார்ப்போம்.

காட்டுக்குள் நிற்கும் அந்தத் தாங்கிகளை இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தங்கள் போர்க்கப்பல்களுக்காக ஆங்கிலேயர் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்து அழிந்தது. இப்போது கணக்கில் இருப்பவை 99. அவற்றை 2022இல் செய்த ஓர் ஒப்பந்தத்தில் 14, 61, 24 என்று மூன்று பங்காகப் பிரித்தார்கள். கூட்டிப் பாருங்கள், 99 சரியாக வரும். ஒரு தாங்கி 12,000 கிலோலீற்றர் பிடிக்கும் என்பார்கள். ஒரு கிலோலீற்றர் ஒரு கன மீற்றர்.

99ஐ 12,000ஆல் பெருக்கினால் 1,188,000.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 99 என்பது ஒவ்வொன்றாக எண்ணியது. அரைத் தாங்கி என்று ஒன்று கிடையாது. 12,000 அப்படியல்ல, மட்டந்தட்டிய எண். உண்மையில் அது 11,500க்கும் 12,500க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அப்படியானால் மொத்தம் 1,138,500ஆகவும் இருக்கலாம், 1,237,500ஆகவும் இருக்கலாம். இரண்டாவது இலக்கமே 1ஆ 2ஆ என்று ஆடுகிறது! அதற்குப் பின்னால் நிற்கும் 88ஐ யார் நம்புவது?

விஞ்ஞானமுறைக் குறிப்பீடு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நம்பக்கூடிய இலக்கங்களை மட்டும் முன்னால் வைத்து, இடம் காட்டும் பூச்சியங்களைப் பத்தின் வலுவுக்குள் அனுப்பிவிடலாம். மொத்த எண்ணெய் 1.2 × 10⁶ கன மீற்றர். அந்த 1, 2 இரண்டும்தான் பொருளுள்ள இலக்கங்கள்.

அடுத்து, சீனக்குடாவை அடுத்திருக்கும் திருகோணமலைத் துறைமுகம். அதன் நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேயர். கடைசியில் இருக்கும் பூச்சியம் அளந்து வந்ததா, இடம் நிரப்ப வந்ததா? எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1.63 × 10³ என்று எழுதினால் மூன்று இலக்கம்தான் உறுதி என்பது எழுத்திலேயே தெரியும். ஒரு ஹெக்டேயர் 10⁴ சதுர மீற்றர். ஆகவே பரப்பு 1.63 × 10⁷ சதுர மீற்றர்.

இனி வகுத்தல். மருமகள் வெட்டாத 1,188,000ஐயே கல்குலேற்றரில் தட்டினாள். திரையில் 0.0728834356 மீற்றர்.

"எல்லாத்தையும் எழுதிறதா, மாமா?"

கடைசி 6ஐப் பாருங்கள். அது புள்ளிக்குப் பின் பத்தாவது இடம், அதாவது 10⁻¹⁰ மீற்றர். ஓர் அணுவின் பருமனே ஏறக்குறைய அவ்வளவுதான். அலை ஏறி இறங்கும் கடலின்மேல் மிதக்கும் எண்ணெயை அணுக்கணக்கில் அளந்துவிட்டதாகக் கல்குலேற்றர் சாதிக்கிறது. பாவம், அது துறைமுகத்தைக் கண்டதில்லை.

அளந்த எண்களைப் பெருக்கும்போதும் வகுக்கும்போதும், எந்த எண்ணில் பொருளுள்ள இலக்கம் குறைவோ, விடைக்கும் அத்தனை இலக்கம்தான். 12,000இல் இரண்டு, 1,630இல் மூன்று. விடையில் இரண்டு: 7.3 × 10⁻² மீற்றர். முன்னால் நிற்கும் பூச்சியங்கள் கணக்கில் சேரா. சென்ரிமீற்றரில் 7.3. மேசையில் அடிமட்டத்தை வைத்து அதன்மேல் என் விரல்களைச் சேர்த்து வைத்தேன். நாலு விரற்கடை.

இடையிலேயே 1.2 என்று வெட்டிவிட்டு வகுத்தால் 7.4 வரும். பலர் வழுக்குவது இங்கேதான். கணக்கு ஓடும்போது ஓரிரு இலக்கம் கூடவே வரட்டும். கத்தரி கடைசி வரியில் போதும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். வீட்டுப் பெரியவர் ஒருவரோடு ஓரமாக நடந்து, காலடிகளை எண்ணி, உங்கள் ஓர் அடியின் நீளத்தைக் கண்டுபிடியுங்கள். திரும்பி வரும்போதும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக வராது. எத்தனை இலக்கத்தோடு விடையை நிறுத்துவது என்பதை அந்த வித்தியாசத்தைப் பார்த்து முடிவுசெய்து எழுதுங்கள்.