வாளித் தண்ணீரில் ஓடிய ரயில்

வேலூர் லாங் பஜாருக்கு மளிகை வாங்கப் போகிற நாம் எல்லோரும் அங்கே இருக்கும் மணிக்கூண்டைப் பார்த்திருப்போம். அதிலுள்ள கல்வெட்டைப் படித்தவர்கள் எத்தனை பேர்? முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போனவர்கள் 277 பேர், உயிரைக் கொடுத்தவர்கள் 14 பேர் என்கிறது அது. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்திருந்த தாய்மார்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். பாஷை தெரியாத தேசத்தில் நம் பிள்ளையை நடத்துகிற அதிகாரி எப்படிப்பட்டவரோ என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை.

இப்படியும் ஒருவர் இருந்தார், கேளுங்கள்.

1950-ல் கொரியாவில் போர் மூண்டது. ஐ.நா. சபை உதவி கேட்டபோது இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை. வைத்தியம் பார்க்க அனுப்பியது. 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற அந்தப் பிரிவில் சுமார் 340 பேர். தலைவர் டாக்டர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' வேறொன்றுமில்லை, நம்ம ஆற்காடுதான்!

டிசம்பரில் சீனப் படை நெருங்கிவர, பியோங்யாங் நகரைவிட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். நம்மவர்களுக்கு வண்டி இல்லை. சாமான்களைப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். ரங்கராஜுக்கு மனசு வரவில்லை. கத்தியும் மருந்தும் இல்லாமல் அடுத்து வரும் காயக்காரனுக்கு என்ன செய்வது? தேடியதில் ஒரு பழைய நீராவி இன்ஜின் கிடைத்தது. ஆட்கள் வரிசையாக நின்று, வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி அதை நிரப்பினார்கள். இன்ஜின் ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். சாமான்களோடு ரயில் சியோலுக்குப் புறப்பட்டுவிட்டது! குழாயடியில் குடம் கைமாற்றிப் பழகிய நமக்கு அந்த வரிசையின் அருமை புரியாதா என்ன?

1951 மார்ச் 23 அன்று அமெரிக்கப் படையோடு நம் மருத்துவப் பிரிவினர் 12 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். ரங்கராஜும் அவர்களில் ஒருவர். ஆளை அனுப்பிவிட்டுத் தான் பின்னால் நிற்கவில்லை, பாருங்கள். அவருக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. அந்தப் பிரிவு 1954 வரை அங்கே சேவை செய்தது. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் வேலையிலும் அவர் இறங்கினார். உலகத்தில் பெரியம்மை ஒழிந்ததென்று 1980-ல் அறிவித்தார்களே, அதில் அவர் பங்கும் உண்டு.

குடும்பம் நடத்துகிற நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் பாதி நேரம் தெர்மாமீட்டரைத் தேடுவதிலேயே போய்விடுகிறது. சுத்தமான கட்டுத்துணி, பஞ்சு, கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், டாக்டரின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் வையுங்கள். யார் வண்டி கூப்பிடுவது, மற்ற குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்று முன்னாடியே பேசி வையுங்கள். ஆளுக்கொரு வாளி கையில் இருந்தால் பதற்றத்துக்கு இடம் ஏது?