தாங்கும் வளைவும் தொங்கும் கூரையும்

தெமோதரையில் 1921-இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தை ஊவா மக்கள் நன்கறிவர். அதன் கல்லும் செங்கல்லும் ஒன்றையொன்று அழுத்துதலால் நிலைபெறுகின்றன. இதற்கு மறுதலையான நெறியில் எழுந்தது, லெனின்கிராட் நகரில் (இன்றைய சென் பீற்றர்ஸ்பேர்க்) சோவியத் அரசு 1980-இல் திறந்த உள்ளக விளையாட்டரங்கம்.

பாரனோவ், சாய்க்கோ முதலிய கட்டடக் கலைஞர் வகுத்த அவ்வட்ட அரங்கின் விட்டம் 160 மீற்றர். கூரையோ 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு. நடுவில் தூண் ஒன்றேனும் இல்லை. திருவிழாப் பந்தரிற் சுற்றிலும் இழுத்துக் கட்டிய துணியை ஒப்ப அத்தகடு தொங்கிற்று. அதன் இழுப்பை விளிம்பிலிருந்த வளையம் ஏற்றது. வளையத்தைப் புறத்தூண்கள் தாங்கின. இழுப்பே அதன் வலிமை. ஆதலின், சில பிணிப்புகள் அறுபடின், அவற்றின் சுமை எஞ்சியவற்றின்மேற் சாரும்.

புதிய அரங்கம் அமைத்தற்பொருட்டு அதனைப் பிரிக்கத் தொடங்கினர். 2020 சனவரி 31-இல் கூரையை அறுத்துக்கொண்டிருக்கையில் அது சடுதியில் வீழ்ந்தது. மேலே நின்ற தொழிலாளர் ஒருவர் உயிர் நீத்தார்.

கட்டுவோர் கற்ற நெறியைப் பிரிப்போரும் கற்றல் வேண்டும். கட்டடம் முதுமையடையினும் அதனுள் உறையும் விசை முதுமையடைவதில்லை.