பிரமிடுக்குள் புகுந்த பொன் விகிதம்

பூக்காரம்மாவின் முழம் ஆளுக்கு ஆள் மாறும். எகிப்தின் அரச முழத்துக்கோ ஒரு கணக்கு உண்டு: சுமார் 52.4 செ.மீ. அதில் 7 கையகலம், ஒரு கையகலத்துக்கு 4 விரல். துட்டன்காமனின் கருவூல அதிகாரி மாயாவின் மர முழக்கோல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிசாவின் பெரிய பிரமிடை இந்த முழத்தால் அளந்தால் எண்கள் முழுசாக விழுகின்றன. அடிப்பக்கம் 440, உயரம் 280. சரிவின் நீளத்தை அடிப்பக்கத்தின் பாதியால் வகுத்துப் பாருங்கள்: 1.6186. பொன் விகிதம் 1.6180!

விடுவார்களா? எகிப்தியருக்கு அந்த ரகசியம் தெரிந்திருந்தது என்று எழுதித் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் சரிவை அளந்த முறை வேறு. ஒரு முழம் உயர்ந்தால் எத்தனை கையகலம் உள்ளே தள்ள வேண்டும்? இதற்கு 'செகெட்' என்று பெயர். ரைண்ட் பப்பிரஸ் என்ற பண்டைய எகிப்தியக் கணக்குச் சுவடியில் இந்தக் கணக்குகளைப் பார்க்கலாம். பெரிய பிரமிடின் செகெட் ஐந்தரை. அதைப் போட்டாலே 1.6186 தானாக வந்து உட்கார்ந்துவிடும். பொன் விகிதத்தை யூக்ளிட் வரையறுத்ததோ பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கி.மு. 300 வாக்கில்.

அதே ஐந்தரையில் 'பை'யும் கிடைக்கும். சுற்றளவு 1,760 முழத்தை உயரத்தால் வகுத்தால், 22/7இன் சரியான இரு மடங்கு.