கேக் வெட்டிய பிறகு

ஆட்டையாம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கை முறுக்குதான் ஞாபகம் வரும். அதை வாங்குவதற்கென்றே சேலம் - திருச்செங்கோடு சாலையில் வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள் உண்டு. உள்ளூர்ப் பையன்களிடம் அதே முறுக்குக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரியானால் அது சைடு டிஷ்.

இந்தப் பக்கத்து இளசுகளின் கொண்டாட்டம் சினிமாவில் வருவதுபோல் கலர் லைட்டும் டிஜேவுமாக இருக்காது. தறிக் கூலியோ கொலுசுப் பட்டறைக் கூலியோ கைக்கு வந்த அன்று ஒரு ட்ரீட். பிறந்தநாளுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேக். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளை வைக்கும் பார்ட்டி. மாரியம்மன் பண்டிகைக்குக் கிடா வெட்டு. தைப்பூசத்துக்குக் காளிப்பட்டி கந்தசாமி கோயிலுக்குக் கூட்டமாகக் கிளம்புவது. செமஸ்டர் முடிந்தால் ஏற்காடு. வாரம் முழுக்கத் தறிச் சத்தத்திலோ, மார்க்குக்காகவே நடக்கும் நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல்களிலோ அடைந்து கிடந்த பிள்ளைகள் ஒரு நாள் வாய்விட்டுச் சிரிக்க வேண்டாமா? இதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு மனசில்லை.

சிக்கல் இடத்தில் ஆரம்பிக்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்து சத்தமாகப் பேச நம் ஊர்களில் இடம் ஏது? கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுக்க முடியாது. வீட்டில் கேட்டால், "இந்த வயசுல என்னடா பார்ட்டி?" என்று ஆரம்பிப்பார்கள். அதனால் கூட்டம் பைபாஸ் ஓரத்துக்கும், கைவிட்ட கல்குவாரிக்கும், யாரோ ஒருவரின் தோட்டத்துக் கிணற்று மேட்டுக்கும், காவிரிக் கரைக்கும் நகர்கிறது. வீட்டுக்குச் சொன்ன காரணம் 'குரூப் ஸ்டடி'. என்னைக் கேட்டால், இங்கே பார்ட்டி ஆபத்தாவதற்கு முதல் காரணம் சரக்குகூட இல்லை, இந்த ஒளிவுதான். எந்தக் குழியோரம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்குப் போன் போடவும் முடியாது, சொன்ன பொய் வாயை அடைத்துவிடும்.

2023 ஏப்ரலில் சங்ககிரி அருகே கல்வடங்கத்தில் காவிரியில் குளிக்கப் போன எடப்பாடி அரசுக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள். பகல் நேரம், நண்பர்கள் கூட்டம், வெயிலுக்கு ஒரு குளியல். ஆற்றில் மணல் எடுத்த பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்பவன் அடுத்த எட்டில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பான். பல இடங்களில் ஒரு சாவு மூன்றாவதும் நான்காவதும் ஆவது, தத்தளிப்பவனைப் பிடிக்க நீச்சல் தெரியாதவனும் குதிப்பதால்தான். குதிக்காதீர்கள். வேட்டி, கயிறு, மூடியை இறுக்கிய காலி இருபது லிட்டர் கேன், எது கையில் இருக்கிறதோ அதை எறியுங்கள். சரக்கு உள்ளே போன பிறகு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. சென்னையில் 2007 டிசம்பர் 31 ராத்திரி ஒரு நட்சத்திர ஹோட்டலின் நீச்சல் குளத்துக்கு மேல் போட்டிருந்த தற்காலிக மேடை இடிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இப்போதெல்லாம் புத்தாண்டு ராத்திரி நீச்சல் குளங்களை மூடிவைக்கச் சொல்லிச் சென்னைப் போலீஸ் முன்கூட்டியே கண்டிப்புக் காட்டுகிறது. நம் ஊர்க் கிணற்றுக்கு யார் வந்து அப்படிச் சொல்லப் போகிறார்கள்?

மொட்டை மாடி இருக்கிறதே, அதைக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்கத் தோன்றுகிறது. பதினொன்றரைக்குப் பாட்டை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுங்கள். அது முடியாதென்றால் ஒரு வாக்காவது கொடுங்கள். "எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வண்டி எடுத்துட்டு வர்றேன். திட்டுறதெல்லாம் நாளைக்கு." இதைச் சொன்ன அப்பாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும். சொல்லாத அப்பாவுக்கும் வரலாம், ஆனால் அது வேறு யாராவது போடும் போனாக இருக்கும்.

இனி சரக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த கதை. நான் இங்கே போட விரும்புவது ஒரு கணக்கு. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் போட்டிருக்கும் ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் இருப்பது சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். 60 கிலோ எடையுள்ள பையன் அதைப் பேச்சு சுவாரசியத்தில் சீக்கிரமே முடித்துவிட்டால் அவனுடைய 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 140 முதல் 150 மில்லிகிராம்வரை ஆல்கஹால் ஏறும். மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 30. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 என்ற கணக்கில்தான் அதை இறக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும், தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும், டீக்கடையில் ஸ்ட்ராங்காக ஒன்று போடச் சொன்னாலும் அந்த வேகம் கூடாது. தூக்கம் கொஞ்சம் கலையும், அவ்வளவுதான். ஆக, ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவன் சட்டப்படி வண்டியைத் தொடுவதற்கே காலை ஆறு மணி ஆகிவிடும். உடம்பில் சுத்தமாக இல்லாமல் போக எட்டு மணி. "தூங்கி எழுந்துட்டேன், தெளிவாத்தான் இருக்கேன்" என்று விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறானே, அவன் இன்னும் போதையில்தான் ஓட்டுகிறான். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு அவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஏறும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் 'மெதுவா ஓட்டிக்கலாம் மாப்ள' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளை அப்பா வண்டியை எடுத்துப் போய் மாட்டினால் அப்பாவுக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குக் காக்காபாளையம் பைபாஸில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்பக்கம் எந்தச் சட்டப் பிரிவும் வந்து நிற்காது. சாவியை முதல் ரவுண்டுக்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஒருவன் நிற்க வேண்டும். போதை ஏறிய பிறகு கேட்டால் தகராறுதான். கூட்டத்தில் குடிக்காதவன் ஒருவன் எப்போதும் இருப்பான், அவனைக் கிண்டல் பண்ணியே விரட்டிவிடுவது நம் வழக்கம். அவன் சாப்பாட்டுக் காசைக் கூட்டமே கொடுத்து அவனை உட்கார வையுங்கள். கணக்குப் பார்த்தால் அதுதான் சிக்கனம். அதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது: உட்கார்ந்த இடத்திலேயே பாயைப் போட்டுத் தூங்கிவிடுவது.

ஓசியில் வரும் பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரைக் கொண்டு வந்தது நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான். மெத்தனால் குடித்தவுடன் தன் வேலையைக் காட்டாது. பல மணி நேரம் கழித்து வயிற்றைப் புரட்டும், பிறகு கண் மங்கும். 'ஹேங்ஓவர்' என்று போர்த்திக்கொண்டு படுத்தால் பார்வையோடு உயிரும் போகும். லேபிள் இல்லாதது, சீல் உடைந்தது, 'தெரிஞ்சவர் கொடுத்தார்' என்று வருவது, மூன்றையும் தொட வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. போதைக்காக விற்கும் வலி மாத்திரையைச் சரக்கோடு சேர்த்துப் போடுவது மூச்சை நிறுத்தும் கலவை. முகம் தெரியாத ஆள் வாட்ஸ்அப்பில் டிக்கெட் விற்கும் தோப்பு பார்ட்டிக்குப் போகாதீர்கள். 2019 மே மாதம் பொள்ளாச்சி அருகே சேத்துமடையில் அப்படி நடந்த ஒரு போதைப் பார்ட்டியில் 150 பேருக்கு மேல் கைதானார்கள், பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அதில் எத்தனை பேர் வெறுமனே ஆட வந்தவர்கள் என்று போலீஸ் வேன் பிரித்துப் பார்க்காது.

குடிக்காதவர்களுக்கும் ஆபத்து இருக்கிறது. கேக்கைப் பாருங்கள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போதே நாலு பக்கமும் நின்று ஸ்னோ ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அந்த டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் சமையல் கேஸுக்குச் சொந்தக்காரனான வாயு. முகத்தில் நுரையோடு குனிந்து ஊதுகிறவன் நெருப்பை முகத்துக்கே அழைக்கிறான். முதலில் ஊதி அணையுங்கள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். பலூனும் அப்படித்தான். ஹீலியம் என்று சொல்லி மலிவான ஹைட்ரஜனை அடைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஓர் அரசியல் விழாவில் பட்டாசுப் பொறி பட்டு பலூன் கொத்து மொத்தமும் தீப்பந்தாக வெடித்ததை வீடியோவில் எல்லோரும் பார்த்தோம். அப்புறம் இந்தப் பட்டாக்கத்தி. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே ஒரு ரவுடி அரிவாளால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடியபோது போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை அள்ளியது. அதைப் பார்த்து ஸ்டேட்டஸ் போடுவதற்காக அரிவாள் தூக்கிய கல்லூரிப் பையன்கள் எத்தனையோ பேர் வழக்கு வாங்கியிருக்கிறார்கள். கேக்குடன் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கத்தி இலவசமாகத் தருகிறார், அதற்கு வழக்கு கிடையாது.

சாப்பாட்டில் நமக்கு வலித்த பாடம் ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அங்கே சாப்பிட்ட 40 பேருக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்குடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களில் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். ஷவர்மாவில் வெளிப்பக்கம் வெந்து உள்ளே வேகாமல் இருக்கும் கறி ஒரு வில்லன், பச்சை முட்டையில் அடித்து வெளியிலேயே வைத்திருக்கும் மயோனைஸ் இன்னொன்று. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. நாட்டுக்கே முட்டை அனுப்பும் மாவட்டத்துக்கு அந்த முட்டையை எப்படிச் சாப்பிடுவது என்று அரசாணை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. மாலை ஆறு மணிக்கு வாங்கிய பிரியாணியை நள்ளிரவுக் கேக்குக்குப் பிறகு திறப்பதும் இதே ரகம்தான். ரிசப்ஷன்களில் புகை விடும் பிஸ்கட்டைப் புகை அடங்கும்வரை வாயில் போடாதீர்கள். அது திரவ நைட்ரஜன், வயிற்றையே ஓட்டையாக்கும்.

பெண் பிள்ளைகள் இந்தக் கட்டுரையை வேறு கண்ணோடு படிப்பார்கள் என்று தெரியும். ஏழு மணிக்கு ஹாஸ்டல் கேட் மூடும் ஊரில் அவர்களுக்கு ஃபேர்வெல்லும் தோழி வீட்டு மருதாணியும்தான் பார்ட்டி. அங்கேயும் உங்கள் டம்ளர் உங்கள் கையில் இருக்கட்டும், வைத்துவிட்டுப் போனால் திரும்பி வந்து புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள். இருவராகப் போனால் இருவராகத் திரும்புங்கள். ஆடும்போது யார் போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதற்கு ஆண் நண்பர்களும் சேர்ந்து காவல் நிற்கலாமே! அனுமதியில்லாமல் எடுத்த வீடியோவை வைத்து மிரட்டினால் 1930, நேரில் தொல்லை என்றால் 181 அல்லது 112. பணம் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டாம், ஒரு முறை கொடுத்தால் அது மாதச் சந்தாவாகிவிடும்.

கடைசியாக, ஒருவன் சாய்ந்துவிட்டால். நம் பையன்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். 'தூங்கட்டும், காலையில எந்திரிச்சுடுவான்' என்று மல்லாக்கப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல் காலை மடக்கி வையுங்கள், ஒருவர் பக்கத்திலேயே உட்காருங்கள். கிள்ளினாலும் அசையவில்லை, உதடு நீலம் பாய்கிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் பத்து நொடி போகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, நடக்க வைப்பது எதுவும் வேண்டாம்.

'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்ற பயத்தில்தான் 108-ஐக் கூப்பிட வேண்டிய முதல் அரை மணி நேரம் கரைகிறது. விபத்தில் அடிபட்டவரைக் கொண்டு சேர்ப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது, 2019-இல் அது சட்டத்திலும் ஏறியது. பெயர்கூடச் சொல்லாமல் சேர்த்துவிட்டுப் போகலாம். சாலை விபத்தென்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் அதில் அடக்கம். ஆனால் கூட வந்தவர்கள் நழுவிவிட்டால் டாக்டருக்கு விஷயம் சொல்ல ஆளிருக்காது. அவர் கேட்பது நாலே கேள்வி: என்ன குடித்தான், எவ்வளவு, எத்தனை மணிக்கு, கூட மாத்திரை ஏதாவது போட்டானா? அவன் அப்பா பக்கத்தில் நிற்கிறாரே என்று மென்று விழுங்காதீர்கள். மிச்சமிருக்கும் பாட்டிலையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.