பால் வற்றிய மரத்துக்கும் விலை உண்டு

பால்மரத்தை நம்பி மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் நாம். அதன் பட்டையை நம் கைகள் அறிந்த அளவுக்கு வேறு எவர் கையும் அறிந்திராது. ஆனால், பட்டைக்குள் இருக்கும் பலகையை நாம் அறிந்துகொள்ளவே இல்லை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை மறுநடவுக்காகச் சாய்த்தால், அது புகைக்கூடத்து அடுப்புக்குப் போகும். மிச்சம் நம் வீட்டு அடுப்புக்கு வரும். 1960களின் இறுதியில் பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலைக்குக்கூட அது கரியாகத்தான் போயிற்று.

இன்றோ மூவார் வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து அயல்நாடுகளுக்குக் கப்பலேறும் மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி அதே ரப்பர் மரம்தான்!

இடையில் நடந்தது என்ன? ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூசணம் பிடித்துவிடும். அடுத்து, மரத்தைத் துளைத்து மாவாக உதிர்க்கும் சிறு வண்டு வந்து குடியேறும். இதற்கு வழி கண்டவர்களில் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தாரும் உண்டு. மரத்தைத் தாமதமின்றி அறுத்து, பலகைகளை இரும்பு உருளைக்குள் அடைத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்த வேண்டும். பின்னர் வெப்ப அறையில் வைத்து ஈரத்தை இழுக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்த வெளிர்மஞ்சள் பலகை தச்சனுக்கு அடங்கும். 1980களில் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. காட்டு மரத்தை வெட்டாமல், எப்படியும் சாய்க்கப்போகும் தோட்ட மரத்தைப் பயன்படுத்துவதால் காட்டுக்கும் இதில் ஆதாயம் உண்டு.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், எங்கள் தோட்டத்தில் என்னிடம் படித்த ஆறு இளைஞர்கள். பழைய ரப்பர் ஸ்டோரில் ஒரு பொதுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ரம்ப மேசை ஒருவன் வாங்கியது. மின் இழைப்புளி இன்னொருவன் அண்ணனுடையது. பலகைகளை இறுக்கும் கிளாம்புகளை எல்லோரும் சேர்ந்து வாங்கினார்கள். தனி ஒருவனால் இத்தனையும் வாங்க முடியுமா? பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் பட்டறை. வழிகாட்டுபவர் ஓய்வுபெற்ற ஆசாரித் தாத்தா ஒருவர். துளையில் கழுந்து சரியாக உட்காராவிட்டால், பையனைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துத்தான் திட்டுவார்.

தொடக்கத்தில் ஒரு பையன், தோட்டத்தில் சாய்த்த மரத்தைக் கேட்டு வாங்கி, தானே அறுத்து வெயிலில் காயவைத்து ஓர் அழகான அலமாரி செய்தான். ஆண்டு திரும்புவதற்குள் அலமாரியின் அடியில் மாவு கொட்டத் தொடங்கியது. அன்றிலிருந்து மருந்தேற்றிக் காயவைத்த பலகையைத்தான் மில்லில் வாங்குகிறார்கள். அதுவும் கழித்துப் போட்ட குட்டைத் துண்டுகளாக. அவற்றைப் பசை வைத்து ஒட்டி, அகலப் பலகையாக்குகிறார்கள். மழை படும் இடத்துக்கு மட்டும் அவர்கள் ரப்பர் மரம் தருவதில்லை. கேட்டாலும் தருவதில்லை.

பழைய மரம் வேறு கணக்கு. கப்பல் சரக்கு வரும் மரத் தட்டுகளில் முத்திரையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, ‘எம்.பி.’ என்றால் நச்சுப்புகை போட்டது, தொடமாட்டார்கள். சாயம் பூசிய பழைய பலகையைத் தேய்ப்பதற்கும் தாத்தா விடுவதில்லை. அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருக்கலாம், தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

சென்ற ஆண்டு கடைசி லயத்தை இடித்தார்கள். அதன் தூண்கள் செங்கால் மரம். எத்தனையோ ஆண்டு மழையைக் கண்டும் நடுவில் உளுக்கவில்லை. லோரிக்காரன் விலை பேசிக்கொண்டிருந்தபோதே பையன்கள் நான்கு தூண்களைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். ஆணி பிடுங்கவே இரண்டு மாலை ஆயிற்று. இரண்டு ரம்பத் தகடுகளும் மழுங்கின. பட்டணத்து அடுக்கு வீட்டுக்குக் குடிபோன ஓர் அம்மாள், தம் வாசல் தூணில் சாமி மேடை ஒன்று செய்து தரச் சொன்னார். “என் பிள்ளைகள் உயரத்தைக் கோடு போட்ட தூண் தம்பி, அந்தப் பக்கத்தை இழைச்சிடாதீங்க” என்றார். கோடுகள் உட்பக்கம் வருமாறு செய்து கொடுத்தார்கள். கூலி வாங்க மறுத்த பையன்களைத் தாத்தா கடிந்துகொண்டு, பாதி விலையாவது வாங்க வைத்தார். அவர் செய்தது சரி என்பது என் எண்ணம். இலவசமாகச் செய்து பழகிவிட்டால் தொழில் பொழுதுபோக்காகிவிடும்.

எங்கள் பக்கம் ரப்பர் நிலம் பெரும்பாலும் செம்பனைக்குப் போய்விட்டது. மலிவாகத் துண்டுகள் கிடைப்பது எத்தனை நாளைக்கோ தெரியாது. அதைவிட அவசரமான கவலை ஒன்று. தோட்டம் கைமாறுகிறது, ஆண்டு முடிவதற்குள் ஸ்டோரைக் காலி செய்ய வேண்டும். பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் பின்கட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். வாடகையை ஆறு பேரும் பங்கிட்டுக்கொள்ளத் தயார். ரம்பச் சத்தத்துக்கு மேல்மாடிக்காரர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு தாத்தாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி பேசப் போகிறார்கள்.