தொலைவில் உள்ளதும் தெளிவாய்த் தெரிய

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. சென்ற ஆண்டு நாங்களும் அப்படித்தான் சொன்னோம்!

புவியியல் கண்காட்சிக்காக, கல் வெட்டி வெட்டிக் காயம்பட்டு நிற்கும் திரிசூலம் மலையைப் படம்பிடிக்க எண்ணினோம். தோழி ஒருத்தியின் சித்தப்பா தம் கேமராவையும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸையும் எங்களை நம்பிக் கொடுத்தார். தாம்பரத்தில் மின்ரயில் ஏறிப் பரங்கிமலை உச்சியை நாங்கள் அடைந்தபோது நண்பகல். ஆசை தீர நாற்பது படங்கள் எடுத்தோம். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் மங்கல்! வெட்டுண்ட பாறை எது, புதர் எது என்றே தெரியவில்லை. "லென்ஸ் சரியில்லை" என்று சித்தப்பாவிடமே சொல்லிவிட்டோம். அவர் முகம் வாடியது. ஆயினும் கோபிக்காமல் காரணங்களை விளக்கினார். தோழியரே, அவற்றை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதற் காரணம் நடுக்கம். தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கும் லென்ஸ், நம் கை நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. கையில் பிடித்து 300 மி.மீ.யில் எடுத்தால், ஷட்டர் வேகம் 1/300 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. 1/500 ஆனால் நன்று. முக்காலி இன்னும் சிறந்தது. அப்போதும் பொத்தானை அழுத்தும் விரல் கேமராவை அசைக்கும். ஆகவே இரண்டு நொடி டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, லென்ஸின் துவாரம். எஃப் 8 அல்லது எஃப் 11 அளவு மலைக்காட்சிக்கு ஏற்றது. எஃப் 22 வரை சுருக்கினால், ஒளியின் விளிம்பு விளைவால் கூர்மை குறையும். பல ஜூம் லென்ஸ்கள் 300 என்னும் கடைக்கோடியைவிட 250 அளவில் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது காரணம் காற்று. வெயிலில் தார்ச்சாலைமேல் கானல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூடான காற்றின் ஊடே பார்த்தால் மலையும் நெளியும். எத்தனை விலையுயர்ந்த லென்ஸாலும் இதைத் தீர்க்க முடியாது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள், இதே பரங்கிமலை அருகில்தான் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும்பணிக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், பகற்காற்றின் தொல்லைக்குத் தப்ப, இரவில் விளக்கேற்றித் தொலைநோக்கியால் பார்த்தார். நமக்கோ அதிகாலை போதும். முன்னாள் மழை பெய்து தூசி அடங்கியிருந்தால் மிக நன்று.

மழை ஓய்ந்த ஒரு காலையில் மீண்டும் ஏறினோம். அதே கேமரா, அதே லென்ஸ். திரையில் பாறையைப் பெரிதாக்கி, கையாலேயே ஃபோகஸ் செய்தோம். எடுத்தவை ஆறே படங்கள். மலையின் வெட்டுத் தழும்புகள் ஒவ்வொன்றாய் எண்ணும்படி தெரிந்தன!

கண்காட்சியில் அந்தப் படத்தின்முன் பலரும் நின்று, "நம் மலையா இப்படி ஆகிவிட்டது?" என்று கேட்டனர். மங்கலான படம் அப்படிக் கேட்க வைத்திருக்குமா? சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு லென்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். கூடம் கோணல் அன்று. எங்களுக்குத்தான் ஆடத் தெரியவில்லை!